வெளிநாட்டு வேலை நிஜமா, மோசடியா? பணம் கட்டும் முன் கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று வேலைக்குக் கிளம்புகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கானவை. இலங்கையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

ஆஃபர் லெட்டரைப் பார்த்தே உண்மையா போலியா என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியாது. லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது ஒரிஜினலா, கொஞ்சம் பாருங்கள்" என்று பலர் கேட்கிறார்கள். லோகோ, சீல், கையெழுத்து எல்லாவற்றையும் நிஜக் கம்பெனியின் லெட்டரிலிருந்தே வெட்டி ஒட்டிவிடலாம். அரைகுறையாகச் செய்த போலி பார்த்தவுடன் மாட்டும். நன்றாகச் செய்தது மாட்டாது.

அதனால் காகிதத்தை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டு வெளியே மூன்று இடத்தில் விசாரியுங்கள். அனுப்புகிற ஏஜென்டுக்கு இந்திய அரசின் லைசென்ஸ் இருக்கிறதா? வேலை கொடுப்பதாகச் சொல்லும் கம்பெனிக்கு உங்கள் பெயர் தெரியுமா? போகிற நாட்டின் அரசுப் பதிவில் உங்கள் பெயருக்கு வேலை அனுமதி ஏறியிருக்கிறதா? மூன்றையும் நீங்களே தேடிப் பார்க்க வேண்டும். ஏஜென்ட் அனுப்பும் லிங்க், அவரே செய்துவைத்த தளத்துக்குப் போகலாம். அங்கே பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் "அப்ரூவ்டு" என்று பச்சை நிறத்தில் வரத்தான் செய்யும்.

ஏஜென்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டப்படி, இந்தியாவிலிருந்து ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு எடுக்கும் எவரும் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவெல்லாம் அரசின் இமைக்ரேட் தளத்தில் இருக்கிறது. தள முகவரி கவ் டாட் இன் என்று முடியும். முடியாவிட்டால் அது வேறு தளம். அங்கே பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியலில் மாநிலம், பெயர் வாரியாகத் தேடலாம். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்பதும் தெரியும். பதிவே இல்லாமல் ஆள் எடுத்ததாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் அதே தளத்தில் உண்டு. அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

லைசென்ஸ் எண் பி என்ற எழுத்தில் தொடங்கி, சாய்வுக் கோடுகளால் பிரித்த நீளமான எண்ணாக இருக்கும். அதை அலுவலகத்திலும் விளம்பரத்திலும் போட்டாக வேண்டும். ஃபேஸ்புக் விளம்பரத்தில் விமானம், புர்ஜ் கலிஃபா, சம்பளம் எல்லாம் இருந்து லைசென்ஸ் எண் மட்டும் இல்லை என்றால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஜிஎஸ்டி சான்றிதழ், உத்யம் சான்றிதழ், நகராட்சித் தொழில் உரிமம், ஐஎஸ்ஓ சான்றிதழ் இவை எதுவும் ஆள் அனுப்புவதற்கான லைசென்ஸ் ஆகாது. மாவுமில் வைப்பவருக்கும் இவை கிடைக்கும். டிராவல்ஸ் டிக்கெட் போடலாம், ஸ்டூடன்ட் கன்சல்டன்சி காலேஜ் சேர்க்கலாம். வேலைக்கு ஆள் எடுக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

லைசென்ஸ் எண் காட்டினார், தளத்திலும் இருக்கிறது. அப்புறம் என்ன பயம்?

அந்த எண் அவருடையதா என்பதுதான். சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் பதிவு பெற்ற ஏஜென்சியின் எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டு "நாங்கள் அவர்களுடைய பிராஞ்ச்" என்பார் உள்ளூர்க்காரர். சப்-ஏஜென்ட் வைத்து ஆள் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. கிளை அலுவலகம் வைப்பதற்கும் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இமைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்சியின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்குப் போன் போட்டு, "இன்ன ஊரில் இன்னார் உங்கள் ஆளா? இன்ன கம்பெனிக்கு ஆள் எடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. எனக்குத் தெரிந்து இந்த ஒரு போனைப் போட்டவர்கள் மிகவும் குறைவு. ஏஜென்ட் ஊர்க்காரர், தெரிந்தவர், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவர் என்ற தைரியத்திலேயே பணம் கைமாறிவிடுகிறது.

எவ்வளவு பணம் வாங்கலாம்?

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400 ரூபாய். ரசீது தர வேண்டும்.

ஊர் நடப்பு வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூருக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், நகையை அடகு வைத்துக் கொடுக்கவும் செய்கிறார்கள், போனவர்கள் வேலையும் பார்க்கிறார்கள். அதனால் "அதிகம் கேட்டால் மோசடி" என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் சட்டம் அனுமதிக்கும் 35,400 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் ரசீது கொடுக்க மாட்டார். ரசீது இல்லாத பணத்தை நாளை போலீஸ் ஸ்டேஷனில் நிரூபிக்க உங்களால் முடியாது. கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஏஜென்சி பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ஏஜென்ட் தன் மனைவியின் ஜிபே எண்ணையோ, "எங்கள் ஆபீஸ் பையன்" எண்ணையோ கொடுத்தால் கம்பெனி கணக்கு ஏன் இல்லை என்று கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

"திரும்பக் கிடைக்கும் டெபாசிட்", "இன்சூரன்ஸ்", "எம்பசி அட்டெஸ்டேஷன்", "கொரியர் கிளியரன்ஸ்" என்று சின்னச் சின்னத் தொகையாகத் தொடர்ந்து கேட்டால் அது ஒரே வேலைதான், தவணை முறையில் நடக்கிறது.

ஃப்ரீ விசா என்கிறார்களே, அது என்ன?

வளைகுடா நாடுகளுக்கு "ஆசாத் விசா" என்றும் சொல்வார்கள். ஒரு கஃபீல் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் அந்நாட்டு முதலாளி) பெயரில் விசா எடுத்துக் கொடுப்பார்கள், அங்கே போய் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அப்படி ஒரு விசா வகை எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. கஃபீலிடம் வேலை செய்யாமல் வேறு இடத்தில் வேலை பார்த்தால் பிடிபடும்போது குற்றவாளி நீங்கள்தான், விசா விற்றவர் இல்லை. இக்காமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) புதுப்பிக்க வருடா வருடம் அந்தக் கஃபீலுக்குப் படியளக்க வேண்டும் என்பது போன பிறகுதான் தெரியவரும்.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். சரியா?

சொந்தச் செலவில் போய், சொந்தமாக வேலை தேடிப் பார்த்துத் திரும்புவது உங்கள் இஷ்டம். "வேலை ரெடி, விசா மட்டும் இப்போதைக்கு விசிட்" என்று ஏஜென்ட் சொன்னால் போகாதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். ஐக்கிய அரபு அமீரகத்தில், அனுமதியில்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 2024-இல் திருத்திய சட்டப்படி ஒரு லட்சம் திர்ஹாம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம். அவ்வளவு துணிந்து ஒருவர் உங்களை வைத்திருக்கிறார் என்றால், சம்பளம் தராமல் விரட்டவும் துணிவார்.

ஏஜென்டுக்கு விசிட் விசா ஏன் பிடிக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தம், முதலாளி விவரம், பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எல்லாம் இமைக்ரேட்டில் ஏற வேண்டும். (அந்தக் காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும்தான்; விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய்.) டூரிஸ்ட் என்று சொல்லி அனுப்பினால் இந்தச் சோதனை எதுவும் இல்லை. ஏர்போர்ட்டில் "சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்" என்று சொல்லிக்கொடுத்தால், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று எந்தப் பதிவும் இருக்கக் கூடாது என்பதுதான் அவருடைய தேவை.

வளைகுடா விசா கைக்கு வந்துவிட்டது. அதில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் விசா வகை. அடுத்து தொழில். இந்த இரண்டாவது இடத்தில்தான் நிஜ விசாவோடு மோசம் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏஜென்ட் லைசென்ஸ், விசா, டிக்கெட் எல்லாம் நிஜம், சொன்ன வேலை மட்டும் பொய். சூப்பர் மார்க்கெட் வேலை என்று போய்ப் பாலைவனத்தில் ஆடு மேய்த்தவர்கள் கதை நம் ஊர்களில் நிறைய. சவுதி விசாவில் தொழில் அரபியில் இருக்கும். அரபி படிக்கத் தெரிந்த ஒருவரிடம், உள்ளூர் மதரசா ஆசிரியரிடம்கூட, காட்டிக் கேளுங்கள். "சாயிக் காஸ்" என்றால் வீட்டு டிரைவர், "ஆமில் மன்ஸிலி" என்றால் வீட்டு வேலையாள், "ராயி" என்றால் மேய்ப்பர். வீட்டு வேலை வகையில் போகிறவர்களுக்கு அந்த நாட்டுப் பொதுத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது, தனி விதிகள்தான். கடை வேலைக்கு என்று சொல்லி இந்த விசா கொடுத்தால் வாங்காதீர்கள். "போன பிறகு மாற்றித் தருவார்கள்" என்ற வார்த்தையை நம்பித்தான் அத்தனை பேரும் போனார்கள்.

அமீரகம் என்றால், அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் என்று ஒன்று உண்டு. கம்பெனி தாளில் அடித்த லெட்டர் வேறு, இது வேறு. அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவது மொழியிலும் கிடைக்கும். அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது. தமிழில் கேளுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு வரும் ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைவாக எழுத முடியாது. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம்.

கத்தாருக்கு வேலை விசாவில் போகிறவர்களுக்குச் சென்னையிலேயே கத்தார் விசா மையம் இருக்கிறது. மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தத்தில் கையெழுத்து எல்லாம் அங்கேயே முடியும், செலவு முதலாளியுடையது. கத்தார் மெடிக்கலுக்கு என்று ஏஜென்ட் பணம் கேட்டால் அது அவர் பாக்கெட்டுக்கு. மற்ற வளைகுடா நாடுகளுக்கு, அந்நாடுகளின் மெடிக்கல் பதிவுத் தளமான வாஃபித்தில் பதிந்து, அங்கீகாரம் பெற்ற மையத்தில் மெடிக்கல் எடுக்க வேண்டும். வேலையே உறுதியாகாமல் ஐம்பது பேரை வரிசையில் நிறுத்தி மெடிக்கல் எடுக்க வைக்கிறார்கள் என்றால் அவர்களுடைய வியாபாரமே அந்த மெடிக்கல் கமிஷன்தான்.

சிங்கப்பூர் ஐபிஏ வந்திருக்கிறது. இனி பயமில்லையே?

ஐபிஏ என்பது சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கும் முன் அனுமதிக் கடிதம். உண்மையானதா என்று அந்த அமைச்சின் தளத்திலேயே, கடிதத்தில் இருக்கும் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அது சரியாக இருந்தால் அடுத்த வேலை, அதை வரி விடாமல் படிப்பது. அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம், முதலாளி பெயர், தொழில் எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. ஐபிஏவில் இருப்பதுதான் சம்பளம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏஜென்ட் சொல்கிறார்: "மாசம் 1,200 வெள்ளி சுளையா வரும்." (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்.) ஐபிஏவில் அடிப்படைச் சம்பளம் 520 வெள்ளி, அதாவது நாளுக்கு 20 வெள்ளி வீதம் 26 நாள். மீதி 680 எங்கே என்று கேட்டால் "ஓ.டி. இருக்கு" என்பார். சரி, ஓவர்டைம் எவ்வளவு வரும்? சிங்கப்பூர் சட்டப்படி மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓவர்டைம், கூலி ஒன்றரை மடங்கு. 520 வெள்ளி சம்பளத்துக்கு ஒரு மணி நேரக் கூலி சுமார் 2.73 வெள்ளி, ஒன்றரை மடங்கு 4.09. 72 மணி நேரமும் செய்தால் சுமார் 295 வெள்ளி. ஆக மொத்தம் 815. நான்கு ஞாயிற்றுக்கிழமையும் முதலாளி கூப்பிட்டு, நாளுக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்தாலும் 160 வெள்ளி கூடி 975. ஒரு நாள்கூட ஓய்வில்லாமல், உடம்புக்கு முடியாமல் படுக்காமல் செய்தால் இது. 1,200 எந்த வழியிலும் வராது. கடன் வாங்கிக் கட்டும் பணத்தை எத்தனை மாதத்தில் அடைக்க முடியும் என்பதை 520-ஐ வைத்துக் கணக்குப் பாருங்கள், 1,200-ஐ வைத்து இல்லை.

இன்னும் சில. கட்டுமான வேலைக்கு இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஸ்கில் டெஸ்ட் அடித்திருக்க வேண்டும். டெஸ்ட் இல்லாமலே கட்டுமான பெர்மிட் என்றால் எப்படி என்று கேளுங்கள். வெளிநாட்டு ஆளை வைப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய லெவியையும் 5,000 வெள்ளி பாதுகாப்புப் பத்திரத்தையும் உங்கள் தலையில் கட்டக் கூடாது. சிங்கப்பூர் ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் உச்சவரம்பு. "எஸ் பாஸ் போட்டுத் தருகிறேன்" என்று ஹெல்பர் வேலைக்குச் சொன்னால், ஓரளவு திறன் உள்ளவர்களுக்கான எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி என்பதை நினைவில் வையுங்கள். காகிதத்தில் 3,300 காட்டிவிட்டு மாதாமாதம் பாதியைத் திருப்பிக் கேட்கும் முதலாளிகளும் உண்டு. அது அங்கே குற்றம்.

மலேசியா?

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை போய்வரலாம். அது சுற்றிப் பார்க்க. அதை வைத்து ரெஸ்டாரன்ட் வேலைக்கு ஆள் அனுப்புகிறார்கள். 31-ஆம் நாளிலிருந்து நீங்கள் அங்கே ஒளிந்து திரிய வேண்டியவர்.

கனடா ஹோட்டல் ஒன்றிலிருந்து ஈமெயிலில் வேலை வந்திருக்கிறது. இன்டர்வியூகூட இல்லை!

இன்டர்வியூ இல்லாமல் வந்ததே பதில். இருந்தாலும், இந்த வகை மெயில் எப்படி இருக்கும் என்று பிரித்துப் பார்ப்போம். சம்பளம் மாதம் 6,500 டாலர். சாப்பாடு, தங்குமிடம், குடும்பத்துக்கும் விமான டிக்கெட் இலவசம். வேலை சப்ளையர், ஸ்டோர் கீப்பர், டிரைவர், அக்கவுண்டன்ட் எதுவாக இருந்தாலும் சரி, விரும்பியதைத் தேர்வு செய்யலாம். ஒரு ஹோட்டல் அக்கவுண்டன்டையும் டிரைவரையும் ஒரே மெயிலில், ஒரே சம்பளத்துக்கு எடுக்குமா? மெயில் முகவரி ஜிமெயிலாக இருக்கும். கொஞ்சம் கெட்டிக்காரர்கள் என்றால் கம்பெனி பெயருக்குப் பின்னால் ஒரு ஹைஃபன் போட்டு கேரியர்ஸ் என்று சேர்த்த முகவரி வாங்கியிருப்பார்கள். கடைசியில் ஒரு வக்கீல் பெயர் வரும், "விசா விஷயமாக இவரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று. அந்த வக்கீல்தான் பணம் கேட்பார்.

லெட்டரில் இருக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள். அந்த ஹோட்டலின் நிஜ எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். கனடாவில் வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி பெரும்பாலும் எல்எம்ஐஏ என்ற அனுமதி வாங்க வேண்டும். அதற்கான 1,000 டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், உங்களிடம் வசூலிக்கக் கூடாது. "எல்எம்ஐஏ ரெடி, இருபது லட்சம்" என்பது சட்டவிரோத விற்பனை. நீங்கள் கனடா அரசுக்குக் கட்டுவது வேலை அனுமதிக்கு 155 டாலர், கைரேகைக்கு 85 டாலர்.

லண்டன் கேர் ஒர்க்கர் (முதியோர், நோயாளிகளைப் பராமரிப்பவர்) விசா இன்னும் சிலரிடம் "ஸ்டாக்" இருக்கிறதாம். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர்களை எடுப்பதை பிரிட்டன் நிறுத்திவிட்டது. மற்ற வேலைகளுக்கு, ஆள் எடுக்க உரிமம் பெற்ற கம்பெனிகளின் பட்டியல் பிரிட்டன் அரசுத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை. பணமே கேட்கவில்லை, டிக்கெட்டும் அவர்களே போடுகிறார்கள். இதில் என்ன ஏமாற்ற முடியும்?

உங்களையே எடுத்துக்கொள்ள முடியும். மற்ற மோசடிகளில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே போதும். இதில் அந்தச் சோதனை பலிக்காது, ஏனென்றால் பணம் உங்களிடமிருந்து வர வேண்டியதில்லை. உங்களை ஒப்படைத்தால் ஏஜென்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும்.

டிஜிட்டல் மார்க்கெட்டிங், கஸ்டமர் சப்போர்ட், டேட்டா என்ட்ரி என்று விளம்பரம் வரும். டெலிகிராமில் ஒரு இன்டர்வியூ, டைப்பிங் ஸ்பீடு கேட்பார்கள், கம்ப்யூட்டரும் ஆங்கிலமும் தெரிந்த பையன்களாக எடுப்பார்கள். பாங்காக்கில் இறங்கியதும் கார் காத்திருக்கும். அந்தக் கார் பாங்காக்கில் எங்கேயும் நிற்காது. சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி மே சாட் என்ற எல்லை ஊருக்குப் போகும். அங்கே மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவாடி. ஆயுதக் குழுக்களின் கட்டுப்பாட்டில், மதில் எழுப்பிய வளாகங்கள். லாவோஸின் கோல்டன் டிரையாங்கிள் பகுதி, கம்போடியாவின் சிஹானுக்வில் இவற்றிலும் இதே கதை. உள்ளே போனபின் வேலை, போலிப் பெயரில் சாட் செய்து வெளிநாட்டவர்களைக் கிரிப்டோ முதலீட்டில் ஏமாற்றுவது. மாட்டேன் என்றால் அடி, மின்சார அதிர்ச்சி. விட வேண்டும் என்றால் வீட்டிலிருந்து பணம் வர வேண்டும்.

வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அடுத்த மாதமே மியாவாடியிலிருந்து மீட்ட தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மே சாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஆள் போய்க்கொண்டிருக்கிறது, ஏனென்றால் கூப்பிடுகிறவர் பல சமயம் ஏற்கெனவே அங்கே இருக்கும் கல்லூரி நண்பர். அவருக்கும் ஆள் சேர்த்தால் விடுதலை என்று சொல்லியிருப்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. ஆபீஸ் எந்த ஊரில், எந்தத் தெருவில்? தாய்லாந்து வேலை விசாவை இங்கிருக்கும் தாய்லாந்துத் தூதரகம் மூலம் முன்பே எடுத்துத் தருவீர்களா? "விசா தேவையில்லை, வந்துவிடுங்கள்" என்றால் போகாதீர்கள். போய் இறங்கிவிட்டீர்கள், கார் ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் போகிறது என்றால், பெட்ரோல் பங்கில் நிற்கும்போது இறங்கிக்கொள்ளுங்கள். பெட்டி போனால் போகட்டும். ஆற்றைத் தாண்டுவதற்கு முன் தப்பிப்பது சாத்தியம். தாண்டியபின் அரசுகள் பேசித்தான் மீட்க வேண்டும்.

ரஷ்யாவில் ஹெல்பர் வேலை?

ஹெல்பர், செக்யூரிட்டி என்று போன இந்தியர்கள் ரஷ்ய ராணுவத்தில் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் போட்டது. படிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், எந்த நாடாக இருந்தாலும்.

பெண்களுக்குத் தனி விதி உண்டா?

உண்டு. இசிஆர் பாஸ்போர்ட் உள்ள 30 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு அந்த 18 நாடுகளில் வேலைக்கு அனுமதி கிடையாது. "விசிட்டில் போகலாம்" என்று வீட்டு வேலைக்கு அழைத்துப் போகிறவர் இந்த விதியைச் சுற்றிப் போகிறார் என்று அர்த்தம். நர்ஸுகள் டிகிரி முடித்திருந்தாலும் அந்த நாடுகளுக்குக் குடிபெயர்வு அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். நர்ஸ் வேலைக்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் பாருங்கள். 1978-இலிருந்து இயங்குகிறது, கிண்டியில் இருக்கிறது. தனியாரைப் போல வேகமாக நடக்காது, ஆனால் ஆள் காணாமல் போகாது.

இலங்கையிலிருந்து போகிறவர்கள் எங்கே பார்ப்பது?

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில். முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருப்பது மட்டும் போதாது; நீங்கள் போகப்போகும் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 1989 என்ற எண்ணுக்கு அழைத்தால் தமிழிலும் பேசலாம். பதியாமல் போகாதீர்கள்.

சொந்த மாமா மூலமாக வந்த விசா. சோதித்தால் கோபித்துக்கொள்வாரே?

மாமாவுக்கும் யாரோ ஒருவர் சொல்லித்தான் வந்திருக்கும். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. "மாமா, இமைக்ரேட்டில் ஏற்றுவதற்குக் கம்பெனி பெயரும் விசா காப்பியும் வேண்டுமாம்" என்று கேளுங்கள். கோபமும் வராது, காகிதமும் கைக்கு வரும்.

ஏஜென்ட் இன்று மாலைக்குள் பாஸ்போர்ட்டும் முன்பணமும் கேட்கிறார். இல்லையென்றால் சீட் போய்விடுமாம்.

போகட்டும். பாஸ்போர்ட்டின் நகலைக் கொடுங்கள். விசா ஸ்டாம்பிங்குக்கு என்று உறுதியாகும் வரை ஒரிஜினலைக் கொடுக்க வேண்டிய காரணமே இல்லை. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. "பணம் கட்டினால்தான் திருப்பித் தருவேன்" என்று மடக்கி வைக்க ஏஜென்டுக்கு உரிமை கிடையாது. அப்படிச் சொன்னால் போலீஸில் புகார் கொடுக்கலாம்.

பணம் கட்டிவிட்டேன், இப்போது போலி என்று தெரிகிறது. என்ன செய்வது?

முதலில், இன்னும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "இன்னும் பத்தாயிரம் கட்டினால் முழுப்பணமும் ரீஃபண்ட்" என்பார்கள், அதுவும் போகும். ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கில் பணம் முடக்கப்பட வாய்ப்பு இருக்கிறது. இரண்டு நாள் யோசித்தால் பணம் நான்கு கணக்கு மாறியிருக்கும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், ஏஜென்டுடன் சண்டை போட்டு அவர் பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பணம் போன தேதி, தொகை, கணக்கு எண் இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். புகார் மனுவோடு அந்தத் தாள் போனால் போலீஸுக்கு வேலை சுலபம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். ஸ்டேஷனில் இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் என்றால் அவர் அரசிடம் வங்கி உத்தரவாதம் வைத்திருக்கிறார், லைசென்ஸ் போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. அதனால் அங்கே புகார் போனதும் பேச்சுவார்த்தைக்கு வருவார். பதிவில்லாத ஆளிடம் இந்தப் பிடி எதுவும் கிடையாது, போலீஸ் மட்டும்தான்.

ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு?

அங்கே இருக்கும் இந்தியத் தூதரகம் முதல் இடம். அமீரகத்தில் 800 46342 என்ற இலவச எண்ணில் இந்தியர்களுக்கான உதவி மையம் இருக்கிறது. ஊரில் இருக்கும் குடும்பத்தார் வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" என்ற தளத்தில் (மதத் என்றால் இந்தியில் உதவி) புகார் பதியலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையை 1800 309 3793 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம். அழைக்கும்போது பாஸ்போர்ட் எண், முதலாளி பெயர், கடைசியாகப் பேசிய தேதி, வாட்ஸ்அப் லொகேஷன் இவை கையில் இருக்கட்டும். அதனால், விமானம் ஏறுவதற்கு முன்பே பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ஏஜென்டின் கார்டு நான்கையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருடைய போனுக்கு அனுப்பிவைத்துவிட்டுப் போங்கள்.